வகுப்பறையில் மதம்: பிரேயர் மணி முதல் டி.சி. வரை

பள்ளிக்கூடத்தில் சாமி கும்பிடலாமா என்று கேட்டால் மதுரையில் ஒரே பதில் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. கீழவெளி வீதி செயின்ட் மேரிஸ் பள்ளிக்கு ஒரு பதில் இருக்கிறது. வடக்குவெளி வீதி சேதுபதி பள்ளிக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான். மாநகராட்சிப் பள்ளிக்குப் பதில் வேறு. நரிமேட்டுக் கேந்திரிய வித்யாலயாவுக்கோ, உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பிவைத்த கேள்வியே பதிலாக நிற்கிறது. தொலைக்காட்சி விவாதத்தில் இந்த நான்கையும் ஒரே குடத்தில் கொட்டிக் கலக்கிவிட்டு, மதச்சார்பின்மை என்றும் பண்பாடு என்றும் மாறி மாறிக் கத்துவதால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கு ஒன்றும் விளங்காமல் போகிறது.

முதலில் பார்க்க வேண்டியது பள்ளியின் வாசல் பலகை. இந்த விஷயத்தில் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கூறு 28. அதற்கு மூன்று உட்பிரிவுகள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனையே கூடாது என்கிறது முதலாவது. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் நிறைய இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதற்குள் வருகின்றன. இங்கே பெற்றோர் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரே கூடித் தீர்மானம் போட்டாலும், மொத்த வகுப்பும் ஒரே மதத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் தடை தடைதான். பலர் சறுக்குவது இந்த இடத்தில்: "எங்க ஊர்ல எல்லாருக்கும் சம்மதம் சார், யாரும் ஒண்ணும் சொல்லல" என்பது 28(1)க்குப் பதிலாகாது.

இரண்டாவது உட்பிரிவு ஒரு விதிவிலக்கு. மதபோதனை நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு யாரோ எழுதிவைத்த அறக்கட்டளையில் பிறந்து, இப்போது அரசு நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். அறநிலையத் துறையின் கீழ் வரும் கோயில் பள்ளிகளுக்கு இதைச் சொல்கிறவர்கள் உண்டு. சொல்வதற்கு முன் மூலப் பத்திரத்தை எடுத்து, அப்படி ஒரு நிபந்தனை அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோயில் பணத்தில் கட்டியது என்பது மட்டும் போதாது.

நடைமுறையில் அதிகம் பேருக்குத் தேவைப்படுவது மூன்றாவது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் எந்தப் பள்ளியிலும், பெற்றோரோ காப்பாளரோ சம்மதம் தராமல் ஒரு பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்கவோ வழிபாட்டில் நிறுத்தவோ முடியாது. அதாவது பள்ளி நடத்தலாம், பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 'அங்கீகாரம் பெற்ற' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசிடம் ஒரு பைசா வாங்காத மெட்ரிக் பள்ளியும் அங்கீகாரம் வாங்கித்தான் ஓடுகிறது. தனியார் பள்ளி, அவர்கள் இஷ்டம் என்று ஊரில் சொல்வது பாதிதான் சரி.

இந்த ஏற்பாடு திடீரென்று வந்ததல்ல. சென்னை மாகாணத்துக்கு இதில் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கு உண்டு. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்து பள்ளிகள் தொடங்கியது. அவை மிஷன் பள்ளிகள், பைபிள் பாடம் உண்டு என்று தெரிந்தே பிள்ளைகளை அனுப்பினார்கள். சண்டை வந்தது அரசுப் பள்ளிகளைப் பற்றி. 1846இல் சென்னை ஆளுநர் ட்வீடேல், அரசுப் பள்ளிகளில் பைபிளை வகுப்புப் புத்தகமாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதினார். லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் அதை ஏற்கவில்லை. 1854இல் வந்த வுட்ஸ் கல்விக் குறிப்பு, அரசுப் பள்ளியில் மதம் சாராத கல்வி, தனியார் பள்ளிக்கு உதவித்தொகை என்ற இரட்டைப் பாதையைப் போட்டது. இன்றும் நாம் நடப்பது அந்தப் பாதையில்தான். 1948 டிசம்பர் 7 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதற்குக் காரணங்கள் சொன்னார். எல்லோருடைய வரிப்பணத்தையும் ஒரு மதத்துக்குச் செலவிடுவது முறையல்ல; இத்தனை மதங்கள் இருக்கும் நாட்டில் எல்லாவற்றுக்கும் வகுப்பு வைப்பதும் நடக்காது; ஒவ்வொரு மதமும் தானே உண்மை என்று சொல்லும்போது அந்தச் சச்சரவு பள்ளிக்குள் வரும். மூன்றாவது காரணம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களைப் பார்க்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது.

பாடப்புத்தகத்தில் மதம் வருவது

விவாதம் என்றால் எல்லோரும் பாடப்புத்தகத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். உண்மையில் சிக்கல் குறைவாக இருப்பது அங்கேதான். மதத்தைப் போதிப்பது வேறு, மதத்தைப் பற்றிப் படிப்பது வேறு என்று 1964-66இல் கோத்தாரி கல்விக் குழுவே பிரித்துச் சொல்லிவிட்டது. குருநானக்கின் வாழ்வையும் வாக்கையும் பல்கலைக்கழகத்தில் ஆய்வது மதபோதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், மதங்களைப் பற்றிய கல்வி 28(1)ஐ மீறாது என்று 2002இல் அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதுரையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமே போதும். அதில் திருவிளையாடற் புராணத்தின் இடைக்காடன் பிணக்குத் தீர்த்த படலம் இருக்கிறது. குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழி இருக்கிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் இருக்கிறது. மற்ற ஊர்ப் பிள்ளைக்கு இடைக்காடன் கதை ஒரு செய்யுள் பகுதி. மதுரைப் பிள்ளைக்கு அது தான் போன வாரம் அம்மாவோடு போய்வந்த கோயில். புலவரை மதிக்காத பாண்டியனுக்குப் பாடம் கற்பிக்க இறைவன் கோயிலை விட்டு வைகைத் தென்கரைக்குப் போய்விட்டார் என்று வகுப்பில் சொன்னதும், "எந்த இடம் சார் அது" என்று கேள்வி வரும். ஆசிரியர் இடத்தைச் சொல்லலாம், புராணம் அப்படிச் சொல்கிறது என்று சொல்லலாம், மன்னன் புலவனிடம் பணிந்தான் என்பது தமிழ் மரபில் எவ்வளவு பெரிய செய்தி என்று பேசலாம். கண்ணை மூடி எல்லோரும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன நிமிடத்தில் கோடு தாண்டியாயிற்று. தேம்பாவணி நடத்தும்போதும் அதே அளவுகோல். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்தப் பாடத்தை நம்பாத பிள்ளையும் தேர்வில் முழு மதிப்பெண் வாங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அது பாடம்.

கொஞ்சம் கரடுமுரடான இடம் சமணர் கழுவேற்றம், அதாவது சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர்களைக் கழுமரத்தில் ஏற்றினார்கள் என்ற கதை. ஏழாம் வகுப்பில் தமிழகத்துச் சமணமும் பௌத்தமும் ஆசீவகமும் வருகின்றன. மதுரையைச் சுற்றி யானைமலை, கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம், கொங்கர்புளியங்குளம் என்று திரும்பிய பக்கமெல்லாம் சமணக் குகைகள். பிள்ளைகள் வீட்டில் எட்டாயிரம் பேர் கழுவேறிய கதையைக் கேட்டுவிட்டு வந்து, "நெசமாவா மிஸ்" என்பார்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வகுப்பில் ஒரு பாதி முகம் சுளிக்கும் என்று பயந்து பலர் பாடத்தையே ஓட்டிவிடுகிறார்கள். தேவையில்லை. சான்றுகளைக் காலவரிசையில் வைத்தால் போதும். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் பதிகங்களில் சமணரோடு கடுமையான வாதம் இருக்கிறது. கழுவேற்றம் முழுக் கதையாக வருவது பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில். இடையில், ஒன்பது பத்தாம் நூற்றாண்டுகளில், கீழக்குயில்குடிச் சமணமலையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கி, செய்தவர்கள் பெயரை வட்டெழுத்தில் பொறித்துவைத்திருக்கிறார்கள். அச்சணந்தி என்ற முனிவர் பெயர் அங்கே வருகிறது. எட்டாயிரம் பேரும் அழிந்த ஊரில் இருநூறு முந்நூறு ஆண்டு கழித்து இத்தனை சிற்பம் எப்படி வந்தது என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள். அதற்குமேல் ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அதே மலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதானால் சில நடைமுறைகள். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், மேலே சமணச் சிற்பங்கள் இருக்கும் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும். கோயிலைக் கடந்துதான் ஏற வேண்டும். கும்பிடுகிறவர் கும்பிடட்டும், வரிசையாக நிறுத்திக் கும்பிடவைக்க வேண்டாம். எழுத்து தெரியவில்லை என்று கல்வெட்டின்மேல் சாக்பீஸ் தேய்ப்பதும், பக்தியில் சிற்பத்துக்குச் சந்தனம் பூசுவதும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைக் கெடுப்பது. இரண்டுமே வருடந்தோறும் நடக்கின்றன. சாய்வான வெயில் விழும் காலை நேரத்தில் போனால் எழுத்து தானாகத் தெரியும்.

திருப்பரங்குன்றம் இப்போது இன்னும் சூடான பெயர். 2025 பிப்ரவரியில் குன்றின் உரிமை பற்றிய சர்ச்சையில் தடையுத்தரவும் போராட்டமும் நடந்த நாள்களில் பிள்ளைகள் அந்தப் பேச்சை அப்படியே வகுப்புக்குத் தூக்கி வந்தார்கள். முருகன் கோயில், உச்சியில் காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் தர்காவும், சரிவில் சமணப் படுகை எல்லாம் ஒரே குன்றில் இருக்கின்றன. 1931இல் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. இவ்வளவையும் சொல்லலாம். யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் வகுப்பில் பேசுவது, எந்தப் பக்கம் பேசினாலும், சம்பளம் தருகிற அரசின் குரலாகத்தான் பிள்ளை காதில் விழும்.

பிரேயரும் பூஜையும்

பாடப்புத்தகத்துக்கு வெளியே வந்தால்தான் உண்மையான தொந்தரவுகள். அரசுப் பள்ளியின் காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு திருக்குறள், செய்தி வாசிப்பு, கடைசியில் தேசிய கீதம். இதில் மதம் எங்கே என்று தோன்றும். மனோன்மணீயத்தில் பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய வாழ்த்தில் எல்லையறு பரம்பொருளைச் சொல்லும் வரிகள் இருந்தன. 1970இல் அரசு ஏற்றுக்கொண்டபோது அவற்றை விட்டுவிட்டது. ஆரியத்தைச் சொல்லும் வரியும் அதோடு போனது. அந்த வெட்டை இன்றும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே வாயால் பாடுகிற பாட்டு அந்த வெட்டுக்குப் பிறகு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு வழிபாட்டுப் பாட்டு, கீதம் அல்ல, அதற்கு எழுந்து நிற்கச் சட்டமோ அரசாணையோ இல்லை என்று சொன்னது. அதே மாதத்தில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு பிள்ளை எழுந்து நின்றும் வாய் திறக்காமல் இருந்தால் என்ன செய்வது? விடை பழையது. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985இல் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அப்படி என்றால் மற்றப் பாட்டுகளுக்குக் கேட்க வேண்டியதில்லை.

கேந்திரிய வித்யாலயாவில் விவகாரம் வேறு. அங்கே காலை வணக்கத்தில் 'அசதோ மா சத்கமய' என்ற உபநிடத வரிகளைக் கைகூப்பி, கண்மூடிச் சொல்ல வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. இது மதபோதனையா, பொது அறமா என்ற வழக்கை 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் இருக்கும் இரண்டு கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் அந்த வழக்கின் முடிவு பொருந்தும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 28(1) தடுப்பது போதனையைத்தான். வழிபாடு என்ற சொல் 28(3)இல்தான் வருகிறது. அரசுப் பள்ளிகளில் சரஸ்வதி பூஜையும் பொதுத்தேர்வுக்கு முந்தைய ஹால் டிக்கெட் பூஜையும் நுழைவது இந்த இடைவெளியில்தான். நாங்கள் ஒன்றும் போதிக்கவில்லையே, ஒரு விளக்கேற்றினோம் என்பார்கள். ஆனால் ஹால் டிக்கெட் பூஜை நடக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசி வேலைநாளில் மேசையில் படத்தை வைத்து, ஹால் டிக்கெட் கட்டையும் பேனாக்களையும் அதன் முன் அடுக்கி, கற்பூரம் காட்டி, பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். ஹால் டிக்கெட் அரசு ஆவணம். அதை வாங்க வேண்டுமென்றால் பூஜைக்கு நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. யாரும் வற்புறுத்தவில்லை என்ற பேச்சு அங்கே செல்லாது. வேண்டாம் என்கிற பிள்ளை எழுந்து போனால் நாற்பது ஜோடிக் கண் அதன் முதுகில் இருக்கும். மஞ்சளும் குங்குமமும் பட்டுப் பதிவெண் மறைந்து தேர்வறை வாசலில் கண்காணிப்பாளரிடம் மல்லுக்கட்டுவது தனிக் கதை. தீர்வு சின்னது: ஹால் டிக்கெட்டை அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்து முடித்துவிட வேண்டும். சாமி கும்பிட விரும்புகிறவர்கள் பள்ளி விட்டபின் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ தர்காவுக்கோ தாங்களே எடுத்துப் போகட்டும். மதுரையில் எதற்கும் தூரம் போக வேண்டியதில்லை.

வெளியாள்களைப் பேச அழைப்பது இன்னொரு வாசல். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்த ஒருவர் முற்பிறவிப் பாவத்தால்தான் உடற்குறை வருகிறது என்ற கணக்கில் பேசினார். சைதாப்பேட்டைப் பள்ளியில் இருந்த பார்வை மாற்றுத்திறனாளித் தமிழாசிரியர் எழுந்து எதிர்க் கேள்வி கேட்டார். பேசியவர் கைதானார், தலைமையாசிரியர்கள் மாற்றப்பட்டார்கள், பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். 2022இல் கன்னியாகுமரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் தையல் ஆசிரியர் இந்துக் கடவுள்களை இழித்து மதமாற்றம் பேசினார் என்ற புகாரில் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது நம் ஊரில் இரு தரப்புக்கும் கைவந்த கலை.

தலைமையாசிரியர் செய்யக்கூடியது: பேச வருகிறவரிடம் தலைப்பையும் சுருக்கத்தையும் ஒரு பக்கம் எழுதி வாங்குவது, மேலிட அனுமதியைக் கோப்பில் வைப்பது, பேச்சு முடியும் வரை ஆசிரியர் ஒருவர் அரங்கில் இருப்பது. பிள்ளைகளின் கைபேசி எண் வாங்கவும், துண்டறிக்கையோ சின்னப் புதிய ஏற்பாடோ கீதை ஒப்புவித்தல் போட்டிப் படிவமோ கொடுக்கவும் விடக் கூடாது. கெடுவது பெரும்பாலும் நன்கொடையில்தான். தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவர் அரை மணி நேரம் பேசக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லத் தலைமையாசிரியருக்கு வாய் வருவதில்லை. மேலிட அனுமதி வேண்டும் என்ற விதி அந்த நேரத்தில் அவருக்கே கவசம்.

கயிறு, திருநீறு, மாலை, முக்காடு

தென்மாவட்டங்களில் மதச்சின்னத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு சாதிக்குப் போய்விடும், போகத்தான் வேண்டும். 2019 ஜூலை 31 தேதியிட்ட பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை, சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறக் கயிறுகளைச் சாதி அடையாளமாகக் கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. இந்து வழக்கத்துக்கு எதிரானது என்று பா.ஜ.க.வின் எச். ராஜா எதிர்த்தார், தன் கவனத்துக்கு வராமல் போன சுற்றறிக்கை, பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டபின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி மூன்றையும் தடுக்கப் பரிந்துரைத்தது. கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் என்ற அடைமொழிகளை எடுத்துவிட்டு எல்லாம் அரசுப் பள்ளி என்றே ஆகட்டும் என்றும் சொன்னது.

களத்தில் நிலைமை இது: ஒரு பையன் கையில் மூன்று கயிறு. ஒன்று பாண்டி கோயிலில் கட்டிய கறுப்பு, ஒன்று அழகர்கோயில், இன்னொன்று தெருமுனைக் கொடிக்கம்பத்தின் நிறம். எது எது என்று ஆசிரியருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். கேட்டால் மூன்றுக்கும் "சாமி கயிறு சார்" என்றுதான் பதில். நெற்றிக்குறியைச் சாதிக் கயிற்றோடு ஒரே வரியில் சேர்த்தது அந்த அறிக்கையின் பலவீனம் என்பது எங்கள் கருத்து. வீட்டில் பாட்டி பூசிவிடும் திருநீறு பெரும்பாலான பள்ளிகளில் சண்டை மூட்டுவதில்லை. அதையும் சேர்த்ததால் உண்மையான சிக்கலாகிய கயிற்றைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போய் மொத்த அறிக்கையும் மதப்பிரச்சினை ஆகிவிட்டது.

கயிற்றை ஆசிரியர் பிளேடால் அறுப்பது மட்டும் கூடவே கூடாது. பெற்றோர் திரண்டு வருவார்கள் என்பதோடு, உடல், மன வதைக்கு எதிரான கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். ஜூன் மாத முதல் பெற்றோர் கூட்டத்திலேயே, கையில் எந்தக் கயிறும் வேண்டாம் என்று கோயில் கயிறு, தாயத்து, சிலுவை கோத்த கயிறு எல்லாவற்றுக்கும் ஒரே விதி போட்டு எழுத்தில் கொடுத்த பள்ளிகளில் எதிர்ப்பு குறைவு. நடுவருடத்தில், ஒரு சண்டை நடந்த மறுநாள் போடும் விதி ஒரு சாதிக்கு எதிரானதாகத்தான் படிக்கப்படும்.

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட பையன்கள் செருப்பில்லாமல் வருவார்கள். எந்த ஆசிரியரும் ஷூ எங்கே என்று கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மையே முக்காட்டுக்கும் அளவுகோல். கர்நாடகத்தில் முக்காட்டுத் தடை பற்றி 2022 பிப்ரவரி 5 அரசாணை, மார்ச் 15 உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் பிரிந்து எழுதிய தீர்ப்பு என்று ஊரே கொந்தளித்தபோது, இங்கே சீருடை நிறத்தில் முக்காடு போட்டுப் பிள்ளைகள் வழக்கம்போல் வந்து போனார்கள். எழுதப்பட்ட விதி எதுவும் இதைக் காப்பாற்றவில்லை, பழக்கம்தான் காப்பாற்றுகிறது. பழக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சம்மதம் என்ற தாள்

உதவி பெறும் பள்ளிகளில் பழைய ஏற்பாடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. இது 28(3)இன் மனசுக்கு மிக அருகில் வருகிறது. குறை ஒன்றுதான்: சம்மதம் யாரிடமும் எழுதி வாங்குவதில்லை. இத்தனைக்கும் கொடைக்கானல் சுற்றுலா என்றால் பெற்றோர் கையெழுத்தில்லாமல் எந்தப் பள்ளியும் பேருந்தில் ஏற்றாது. வருடம் முழுக்க நடக்கும் வழிபாட்டுக்கு அந்தத் தாள் இல்லை.

வாங்கலாம் என்றால், எப்படி என்பதில் பெரிய கண்ணி இருக்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே மதம் என்ற கட்டம் இருக்கிறதே, கிறித்தவர் என்றால் மறைக்கல்வி, இந்து என்றால் நன்னெறி என்று பிரித்துவிடலாம் என்று அலுவலகம் நினைக்கும். அது தவறு. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) மட்டுமே பட்டியல் சாதியினராகக் கணக்கில் வர முடியும். கிறித்தவத்துக்கு மாறிய பட்டியலினக் குடும்பம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறது. உதவித்தொகையும் இடஒதுக்கீடும் மாறுகின்றன. அதனால் ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் குடும்பமும் ஆவணத்தில் இந்து என்றே இருக்கலாம். சம்மதப் படிவத்தில் மதம் என்ன என்று கேட்டால், அந்தக் குடும்பம் ஒன்று பொய் சொல்ல வேண்டும், அல்லது பள்ளி ஆவணத்தில் தனக்கெதிரான சான்றைத் தானே எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே படிவம் மதத்தைக் கேட்கவே கூடாது. 'இந்தப் பள்ளியில் இன்ன கிழமை இன்ன நேரம் இந்த வழிபாடும் இந்த வகுப்பும் நடக்கின்றன. என் பிள்ளை கலந்துகொள்ளலாம் / வேண்டாம். வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் நூலகத்தில் இருப்பார். இதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.' அவ்வளவுதான். காரணம் கேட்கும் வரி இருக்கக் கூடாது. சத்துணவுக் கூடத்தில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். ஏன் சாப்பிட மாட்டாய், வீட்டில் என்ன சாமி என்று ஆயா கேட்பதில்லை.

மதம், சாதிக் கட்டங்களையே நிரப்ப விரும்பாத பெற்றோருக்கு 1973 முதலே அரசாணை வழி இருக்கிறது, விருப்பப்பட்டால் டி.சி.யில் வெற்றாக விடச் சொல்லலாம், தலைமையாசிரியர் மறுக்க முடியாது. விளைவையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்: சாதிச் சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீடு கிடையாது, பொதுப் பிரிவாகத்தான் கணக்கு. ஆறாம் வகுப்பில் உற்சாகமாக வெற்றிடம் விட்ட சிலர் பன்னிரண்டாம் வகுப்புக் கலந்தாய்வு நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள்.

புகார் சொல்ல வேண்டி வந்தால் முதலில் பள்ளியின் வகையை உறுதிசெய்ய வேண்டும். அரசா, உதவி பெறுவதா, சுயநிதியா என்பது யூடைஸ் என்ற பதினொரு இலக்கப் பள்ளி அடையாள எண்ணோடு பதிவாகியிருக்கும். 28(1) சொல்ல வேண்டிய இடத்தில் 28(3) சொன்னால் மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். அடுத்தது தேதி, நேரம், என்ன நடந்தது, யார் முன்னிலையில் என்று ஒரு பக்க மனு. மதத்தைப் பற்றிய கருத்து ஒரு வரிகூட வேண்டாம். அதைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குவது. பதில் இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அரசுப் பள்ளிகளில் அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள் என்பது சட்டம். உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே. பிறகு தொடக்க, நடுநிலைப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலர், மற்றவற்றுக்கு மாவட்டக் கல்வி அலுவலர், கடைசியாக முதன்மைக் கல்வி அலுவலர். 14417 உதவி எண்ணிலும் பதியலாம். பூஜைக்கோ நிகழ்ச்சிக்கோ அனுமதி வாங்கினார்களா என்று தெரிய வேண்டுமென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும்.

புகார்கள் கெடுவது பெரும்பாலும் வீடியோவில். பிள்ளைகளின் முகம் தெரிய எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போனதும், ஹால் டிக்கெட்டை எப்படிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி காணாமல் போய், எந்தக் கட்சி எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சும். இரண்டு நாளில் தலைமையாசிரியர் மேலூருக்கோ பேரையூருக்கோ மாற்றலாவார். அடுத்த மார்ச்சில் புதிய தலைமையாசிரியரின் மேசையில் அதே ஹால் டிக்கெட் கட்டு இருக்கும். அதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.